வெளிநாட்டுப் பயணத்தில் கேமரா: காட்டிலும் தெருவிலும் படமெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்குக் கிளம்பும் நண்பர்கள் கேமராவைப் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல. விடுமுறை கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். கீழே இருப்பதில் பாதி நானே சொதப்பிக் கற்றுக்கொண்டது.

போன் போதாதா? கேமரா வாங்கித்தான் ஆக வேண்டுமா?

தெருவுக்குப் போன் தாராளமாகப் போதும். காட்டுக்குப் போதாது. சின்னக் கணக்கு ஒன்று போட்டால் ஏன் என்று தெரிந்துவிடும். 15 செ.மீ. நீளமுள்ள குருவி 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ளது) 400 மி.மீ. லென்ஸ் போட்டால் (மி.மீ. எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும்) படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கைக் குருவி நிரப்பும். போனின் வழக்கமான லென்ஸ் 24 மி.மீ.க்குச் சமம், அதில் நூறில் ஒரு பங்கு. ஐந்து மடங்கு டெலி லென்ஸ் உள்ள போனிலும் இருபதில் ஒரு பங்குதான். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் கிடைப்பது குருவி அல்ல, குருவியைப் பற்றிய வதந்தி.

யானை, ஒட்டகச்சிவிங்கி, வெட்டவெளியில் நிற்கும் மந்தை என்றால் போனிலும் நல்ல படம் வரும். விலங்கை முகம் வரை நெருக்கிக் காட்டியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால், அது நிற்கும் இடத்தையும் வானத்தையும் சேர்த்து எடுக்கலாம். நெருக்கமான படத்தைவிட அது பல சமயம் நன்றாகவே இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில், லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா இருக்கிறது. எடை குறைவு, ஜூம் அதிகம். ஆனால் சென்சார் மிகச் சிறியது. விடியலிலும் அந்தியிலும் திணறும். விலங்குகள் நடமாடுவதோ அந்த நேரத்தில்தான்.

எந்த லென்ஸ் எடுத்துப் போவது?

ஒன்றே ஒன்றுதான் என்றால் 100-400 மி.மீ. ஜூம். சிங்கம் வண்டியை ஒட்டி நடந்தால் 100, கிளையில் மீன்கொத்தி என்றால் 400. பறவைகளுக்காகவே போகிறவர்கள் 150-600 பார்க்கலாம். ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும், கேனனில் 640. சின்ன சென்சார் என்று யாராவது மட்டம் தட்டினால் காதில் வாங்காதீர்கள், காட்டில் அது லாபம். தெருவுக்கு 35 மி.மீ. ஒன்று, அல்லது போன்.

புது லென்ஸை டப்பா பிரிக்காமல் விமானத்தில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். இரண்டு வாரம் முன்பே எடுத்து, பறக்கும் புறாவையும் ஓடும் நாயையும் எடுத்துப் பழகுங்கள். இருட்டில் எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பதானாலும் நான்கு நாள் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

பேட்டரிகளை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் கூடாது. பவர் பேங்குக்கும் இதே விதி. 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், இரண்டுக்கு மேல் கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: 7.2 வோல்ட், 2280 மில்லியாம்பியர்-மணி கேமரா பேட்டரி வெறும் 16 வாட்-மணி சொச்சம்தான். 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் 74. பேட்டரியின் உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி டேப் ஒட்டுங்கள்.

கென்யாவிலும் தான்சானியாவிலும் காட்டுக்குள் போகும் குட்டி விமானங்களில் கைப்பையையும் சேர்த்து ஒருவருக்கு 15 கிலோதான் பொதுவான வரம்பு. பையும் சக்கரமில்லாத மென்மையான பையாக இருக்க வேண்டும். லென்ஸ்களை ஜாக்கெட் பைகளில் திணித்துக்கொண்டு, ஆளே வீங்கியதுபோல் தராசின் பக்கத்தில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. ஜாக்கெட்டை யாரும் எடை போடவில்லை.

ஃபிலிம் கேமராக்காரர்களுக்கு: ஃபிலிமை ஒருபோதும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். சில விமான நிலையங்களில் கைப்பைக்கும் வலுவான எக்ஸ்ரே பாய்ச்சும் சிடி ஸ்கேனர் வந்துவிட்டது. அது ஃபிலிமைப் பாழாக்கும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காட்டில் கேமராவை எந்த அமைப்பில் வைப்பது?

நான் மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்) மட்டும் ஆட்டோவில் விடுகிறேன். ஷட்டர் வேகம் (படம் பதியும் நேரம்) என் கையில், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) என் கையில், வெளிச்சக் கணக்கு கேமராவின் கையில். சும்மா நிற்கும் விலங்குக்கு 1/500 நொடி, நடந்தால் 1/1000, பறந்தால் 1/2000. இதை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஐஎஸ்ஓ 6400 ஆகிறதே என்று பயப்பட வேண்டாம். புள்ளி புள்ளியாக வந்த படத்தை மென்பொருள் சரி செய்துவிடும். கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, நான் சொதப்பிய கதை. கென்யாவின் மசாய் மாரா காட்டில் ஒரு மாலை, ஓடும் வில்டபீஸ்ட் (மான் இனத்து விலங்கு) மந்தையைக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பதற்காக 1/30 வைத்தேன். கால்கள் கோடுகளாக இழுத்துக்கொண்டு, தலை மட்டும் தெளிவாக வரும் பாணி அது. இரண்டு படம் தேறின, சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள் ஆறரை மணிக்கு ஒரு சிறுத்தை மரத்திலிருந்து இறங்குகிறது. தலை கீழே, வால் மேலே, முன்னங்கால் நகங்கள் பட்டையைப் பிடித்திருக்கின்றன, உதிர்ந்த பட்டைத் துணுக்குகூடத் தெரிகிறது. பதினொரு படம் எடுத்தேன். பதினொன்றும் 1/30. மரம் அற்புதமாக வந்திருக்கிறது. சிறுத்தை இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல். அன்றிலிருந்து இரவு படுக்கும் முன் கேமராவை 1/1000க்கு மாற்றிவிட்டுத்தான் லைட்டை அணைக்கிறேன்.

எந்த நேரத்தில் எடுப்பது?

விடிந்த உடனும் பொழுது சாய்கையிலும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால், நிலநடுக்கோட்டின் பக்கத்தில் அந்தப் பொன் வெளிச்சம் அரை மணி நேரம்தான் தாங்கும். அங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது, மணிக்கு 15 டிகிரி. நார்வே, ஐஸ்லாந்து பக்கம் அது சாய்வாக ஊர்ந்து ஏறுவதால் அதே வெளிச்சம் மணிக்கணக்கில் நீளும். அதனால் கென்யாவில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

மதியம் தொலைவில் இருப்பதை எடுக்கவே எடுக்காதீர்கள். தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் எல்லாம் நெளியும். "லென்ஸ் போயிடுச்சு" என்று நிறைய பேர் பதறுவது இதனால்தான். ஏசி போட்ட வண்டியில் திடீரென்று ஜன்னலைத் திறந்து எடுத்தாலும் இதே கோளாறு வரும். கொஞ்சம் முன்னதாகவே திறந்துவைத்துவிடுங்கள்.

சஃபாரி வண்டியில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

வண்டி நின்றதும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். அந்த நடுக்கத்தில் 400 மி.மீ. லென்ஸ் ஆடாமல் இருக்காது. ட்ரைபாடுக்கு வண்டியில் இடமில்லை. பீன் பேக் எனப்படும் துணிப்பையைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மேலே திறக்கும் கூரையைவிட ஜன்னலில் இருந்து எடுப்பது எனக்குப் பிடிக்கும். விலங்கின் கண் மட்டத்துக்கு எவ்வளவு இறங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

டிரைவரிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுங்கள்: "எங்களுக்கு எண்ணிக்கை முக்கியமில்லை, ஒன்றைப் பார்த்தால் நேரமெடுத்துப் பார்க்கிறோம்." இல்லாவிட்டால் ‘பிக் ஃபைவ்’ எனப்படும் ஐந்து மிருகங்களையும் (சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம்) காட்டி முடிக்க வேண்டுமே என்று அவர் ரேடியோவைக் கேட்டுக்கேட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார். பாவம், பெரும்பாலான பயணிகள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, மந்தைகள் ஆற்றைக் கடக்கும் காலத்தில், அதை எண்ணிப் பார்க்கிறவர்கள் குறைவு. நெருங்கச் சொல்லி டிரைவரை விரட்டுவதும், அதற்காகத் தனியாகக் காசு நீட்டுவதும் வேண்டாம். மாட்டினால் அபராதமும் கெட்ட பெயரும் அவருக்குத்தான்.

நாள் முழுக்கச் சுற்றியும் ஒன்றும் கிடைக்கவில்லையே?

சுற்றியதால்தான் கிடைக்கவில்லை என்பேன். நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் ஒக்கௌகுவேயோ முகாமை ஒட்டி ஒரு நீர்க்குட்டை உண்டு. தாழ்ந்த கல்சுவர், இந்தப் பக்கம் பெஞ்சுகள், அந்தப் பக்கம் தண்ணீர். இரவெல்லாம் மங்கலான விளக்கு எரியும். எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ஆட்கள் வருவார்கள், பத்து நிமிடம் பார்ப்பார்கள், "ஒன்றும் இல்லை" என்று போய்விடுவார்கள். அந்த "ஒன்றும் இல்லை"யில் இரண்டு நரிகள், தண்ணீர் மேல் தாழப் பறந்த வௌவால்கள், எங்கோ தொலைவில் ஒரு சிங்கத்தின் உறுமல் எல்லாம் இருந்தன. பத்தே கால் மணிக்கு, கல்லை மிதிக்கும் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் இருட்டிலிருந்து ஒரு கருப்புக் காண்டாமிருகம், பின்னாலேயே குட்டி. குடிப்பதற்கு முன் தாய் ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. காது மட்டும் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் திரும்பியது. லென்ஸைச் சுவரில் சாய்த்து, ஐஎஸ்ஓ 6400, 1/30. இந்த முறை 1/30 வேண்டுமென்றே வைத்தது. தண்ணீரில் தலைகீழாக இன்னும் இரண்டு காண்டாமிருகங்களோடு படம் வந்தது.

ஒரு நீர்நிலை, ஒரு பழமரம், ஒரு ஆற்றுத் திருப்பம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து இரண்டு மணி நேரம் உட்காருங்கள். வருகிறதா இல்லையா என்பது வேறு விஷயம்; வந்தால் நீங்கள் தயாராக இருப்பீர்கள்.

எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், பைசன் உள்ளிட்ட மற்றவற்றிடமிருந்து 23 மீட்டர். மாடு மாதிரிதானே இருக்கிறது என்று பைசன் பக்கத்தில் போய் முட்டு வாங்குகிறவர்கள் அங்கே வருடம் தவறுவதில்லை. கலாபகஸ் தீவுகளில் 2 மீட்டர், அண்டார்டிகாவில் பென்குயின்களிடமிருந்து 5 மீட்டர். பென்குயின் தானாக உங்களை நோக்கி நடந்து வந்தால் தப்பில்லை, நீங்கள் அசையாமல் நில்லுங்கள். ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2025 முதல் பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். அந்தத் தூரத்தில் கரடி ஒரு வெள்ளைப் புள்ளிதான். அதனால் என்ன, பனி நிறைந்த படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி அழகாகவே இருக்கும்.

விதி எழுதாத இடங்களில் விலங்கே சொல்லிவிடும். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கினால் நில்லுங்கள். எழுந்து நின்றால் பின்வாங்குங்கள்.

ஃபிளாஷ் போடலாமா? பறவையைக் கூப்பிட ஒலிப்பதிவு போடலாமா?

இரண்டும் வேண்டாம். கலாபகஸில் ஃபிளாஷுக்கு வெளிப்படையான தடை. ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். அங்கும் ஃபிளாஷ் கூடாது. அடர்ந்த காடு, கருப்பு முகம், மங்கல் வெளிச்சம் என்று மூன்றும் சேர்வதால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயாராகப் போங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு ஓடிவரும் பறவை, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டது என்று நம்பித்தான் வருகிறது. கூடு கட்டும் காலத்தில் குஞ்சுகளை விட்டுவிட்டு வருகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கே உறுத்தும்.

புலியோடு, தேவாங்கோடு படம் எடுத்துக்கொள்ளும் இடங்கள்?

போகாதீர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புலிகளோடு படமெடுக்கப் பிரபலமாக இருந்த ஒரு கோயிலில் 2016இல் அதிகாரிகள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட புலிகளை மீட்டபோது, உறைபெட்டிக்குள் 40 குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. கடற்கரையில் யாரோ உங்கள் தோளில் ஏற்றிவிடும் தேவாங்குக்கு (ஸ்லோ லோரிஸ் என்ற வகை) பெரும்பாலும் பல் வெட்டப்பட்டிருக்கும், ஏனென்றால் அதன் கடியில் விஷம் உண்டு. அது இரவுப் பிராணி. பகல் வெளிச்சத்தில் கண்ணை அகல விழிப்பது உங்களைப் பார்த்த சந்தோஷத்தில் அல்ல. 2017 டிசம்பர் முதல் இன்ஸ்டாகிராமிலேயே இத்தகைய ஹேஷ்டேகுகளைத் தேடினால் எச்சரிக்கை வருகிறது.

எடுத்த இடத்தைப் பதிவில் குறிப்பிடலாமா?

பூங்காவின் பெயர் வரை சொல்லலாம். காண்டாமிருகம் என்றால் அதுவும் வேண்டாம். போன் படத்துக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கும். கொம்புக்காகக் கொல்கிறவர்களுக்கு அது வழிகாட்டி. பகிரும்போது இருப்பிடத் தகவலை நீக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. ஆந்தைக் கூட்டுக்கும் இதையே செய்யுங்கள்; அங்கே வருகிறவர்கள் வேட்டைக்காரர்கள் அல்ல, நம்மைப் போன்ற கேமராக்காரர்கள். ஆந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

தெருவில் மனிதர்களை எடுக்க அனுமதி கேட்க வேண்டுமா?

முகம் படத்தின் மையம் என்றால் கேளுங்கள். கேட்டால் இயல்பு போய்விடுமே என்பார்கள். போகும், இரண்டு நிமிடத்துக்கு. முதல் படத்தில் விறைப்பாக நிற்பார்கள், அதை எடுத்துத் திரையில் காட்டுங்கள், சிரிப்பார்கள், அப்புறம் வேலையைப் பார்க்கப் போவார்கள். உங்களுக்கு வேண்டிய படம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. "வணக்கம்", "எடுக்கலாமா", "நன்றி" மூன்றையும் அந்த ஊர் மொழியில் கற்றுக்கொண்டு போங்கள். தப்பும் தவறுமாகச் சொன்னால் இன்னும் நல்லது.

சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி இல்லாமல் ஒருவரைப் படமெடுப்பதே குற்றமாகலாம். ஜப்பானின் கியோட்டோவில், கெய்ஷாக்கள் (பாரம்பரிய ஆடல், பாடல் கலைஞர்கள்) நடமாடும் கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். வேலைக்கு அவசரமாகப் போகும் பெண்களை மறித்து, கிமோனோவைப் பிடித்து இழுத்துப் படமெடுத்த பயணிகளால் வந்த பலகை அது.

குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவரைக் கேட்காமல் எடுப்பதில்லை. காசு கேட்டால்? வேஷம் கட்டி நிற்பதே பிழைப்பு என்பவருக்குக் கொடுப்பேன், அது கூலி. பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை, பள்ளிக்கூட நேரத்தில் கேமராவுக்காகக் காத்து நிற்க அதுவே காரணமாகிவிடும். படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டு முகவரி எழுதிய தாளைத் தொலைத்தேன். அந்த மனிதர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து நின்ற படம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

அன்றாடக் காட்சிகள் என்றால் எதை எடுப்பது? எல்லாமே சாதாரணமாகத் தெரிகிறதே?

இறங்கிய முதல் நாள் எடுங்கள். அன்றைக்கு எல்லாம் விசித்திரமாகத் தெரியும்: மின்கம்பத்தில் சிக்கிய கம்பிக் கூளம், தபால் பெட்டியின் நிறம், வாசலில் செருப்பு கிடக்கும் விதம், பேருந்தில் கைப்பிடித் தொங்கல். நான்காம் நாள் கண் பழகிவிடும், அதற்கப்புறம் தெரியாது. பெரிய கோபுரத்தின் படம் உங்களுடையதைவிட நன்றாக ஆயிரம் இருக்கும். நீங்கள் தங்கிய தெருவின் முடிதிருத்தும் கடை உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

இங்கேயும் நீர்க்குட்டைக் கணக்குதான். இஸ்தான்புல்லில் எமினோனுவுக்கும் கடிக்கோய்க்கும் நடுவே ஓடும் படகில் ஒரு மாலை போனேன். இறங்கியதும் ஊருக்குள் போகவில்லை; கரையில் மீண்டும் டிக்கெட்டைத் தட்டிவிட்டு அதே படகில் ஏறினேன். மூன்று முறை. முதல் முறை கடற்காகங்களைத்தான் எடுத்தேன், எல்லோரும் எடுப்பதுபோல. இரண்டாம் முறை, ரொட்டித் துண்டை வீசுகிறவர்களின் கை கண்ணில் பட்டது: ஒருவர் பந்து எறிவதுபோல் எறிகிறார், ஒரு பாட்டி விரல் நுனியில் பிடித்துக்கொண்டு பறவை வந்து கவ்வட்டும் என்று நிற்கிறார். மூன்றாம் முறை, தேநீர்த் தட்டோடு ஆடும் படகில் நடக்கும் பையன். சிறிய கண்ணாடிக் குவளைகள் எட்டு, ஒரு சொட்டு சிந்தவில்லை. அவனுடைய உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, தட்டு மட்டும் மட்டமாக நிற்கிறது. முதல் பயணத்திலும் அவன் அங்கேதான் இருந்திருப்பான். என் கண்ணில்தான் படவில்லை.

இரவுக் கடைத்தெருவில் ஒரு தொழில்நுட்பத் தொல்லை உண்டு. எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்துங்கள். அப்படியும் வந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள நாட்டில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/60 அல்லது 1/120 வைத்துப் பாருங்கள். ஜப்பான் இதில் வேடிக்கை: டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60.

எதையெல்லாம் எடுக்கவே கூடாது?

ராணுவம், காவல்துறை, எல்லைச் சாவடி, பல நாடுகளில் பாலமும் துறைமுகமும்கூட. விளையாட்டாக நினைக்க வேண்டாம். 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா விமானத் தளத்தில் விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று கைதானார்கள். தண்டனையும் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையாக ஓராண்டு ஆனது.

வழிபாட்டு இடங்களில் பலகையைப் படியுங்கள், பலகை இல்லாவிட்டால் அங்கே இருப்பவர்கள் செய்வதைப் பாருங்கள். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது பெரிய அவமதிப்பு. 2012இல் சிலையை முத்தமிடுவதுபோல் படமெடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்கு காலி நகரில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. பிரிண்ட் போடக் கொடுத்த கடையிலிருந்துதான் போலீசுக்குத் தகவல் போனது. வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்திலும் படம் கூடாது. அந்தத் தடையின் வேர் பக்தி மட்டுமல்ல: ஓவியங்களைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்த ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் பட உரிமை இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்து வருடங்கள் ஆயின, தடை மட்டும் நிற்கிறது.

ஈஃபிள் கோபுரத்தை இரவில் எடுத்தால் குற்றமா?

இல்லை. கோபுரத்தின் வடிவமைப்புக்கான காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இரவு விளக்கு அலங்காரத்துக்கு மட்டும் காப்புரிமை உண்டு. விற்கவோ விளம்பரத்துக்கோ பயன்படுத்தினால்தான் அனுமதி வேண்டும்.

ட்ரோன்?

வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மொராக்கோவிலும் எகிப்திலும் விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை. பிடிவாதமாகக் கொண்டுபோனால் அந்தந்த நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறை விதிகளைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தூசி, மழை, குளிர்: கேமராவை எப்படிக் காப்பாற்றுவது?

குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். கிளம்ப அரை மணி முன்பே பையை மூடியபடி பால்கனியில் வைத்துவிடுங்கள். பனிப்பிரதேசத்தில் இது தலைகீழ்: வெளியிலிருந்து சூடான அறைக்கு வருமுன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, சூடேறும் வரை திறக்காதீர்கள். கார்டை மட்டும் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் படம் பார்க்கும் ஆசையில் திறந்துவிடுவீர்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உதிரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. அங்கே போவதென்றால் துணியாலான நீர்புகாப் பை வாங்கிக்கொள்ளுங்கள். தூசிக்கு ஒரு பழைய தலையணை உறை போதும். ஓடும் வண்டியில் கேமராவை அதற்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்வேன்.

படங்களைத் தொலைக்காமல் வைப்பது எப்படி?

ஒவ்வொரு இரவும் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் (கையடக்கச் சேமிப்புக் கருவி) பிரதி எடுங்கள். எஸ்எஸ்டி ஒரு பையில், கார்டுகள் இன்னொரு பையில். 256 ஜிபி கார்டு ஒன்றைவிட 64 ஜிபி கார்டு நான்கு மேல். வீடு திரும்பும் வரை எதையும் அழிக்காதீர்கள். கேமராவின் குட்டித் திரையில் மோசமாகத் தெரிந்த படம் பெரிய திரையில் பிழைத்த கதைகள் நிறைய உண்டு. என் பதினொரு சிறுத்தைகள் பிழைக்கவில்லை, ஆனாலும் வைத்திருக்கிறேன்.

கேமராவில் நேரத்தை மாற்ற மறந்துவிட்டேன், போன் படங்களோடு சேர்த்தால் எல்லாம் முன்பின்னாகக் கலந்துவிட்டது. என்ன செய்வது?

பயந்துவிட வேண்டாம், லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் எல்லாப் படங்களையும் தேர்ந்து மொத்தமாக இத்தனை மணி நேரம் முன்னால், பின்னால் என்று நகர்த்தலாம். எவ்வளவு நகர்த்துவது என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு வழி: போய் இறங்கியதும் விமான நிலையக் கடிகாரத்தைக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதில் தெரியும் மணிக்கும் கேமரா பதிந்த மணிக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. கடிகாரம் கண்ணில் படாவிட்டால் போன் திரை.